கோயம்புத்தூரின் இரண்டு புள்ளிகள்

நம் தமையனார் மகள் துறவறம் பூண்டு பதினோராண்டுகள் நிறைந்துவிட்டன. செவிலியர் பயிற்சி பெற்ற அவளை, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலுள்ள ஒரு சிற்றூர் மருந்தகத்திற்கு அனுப்புவதென்று அவளுடைய சபை முடிவு செய்தது. அந்நாட்டின் ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆகவே சில திங்களாக அவள் அம்மொழியைக் கற்று வந்தாள். புறப்படுமுன் விடுப்பில் வீட்டுக்கு வந்தவளின் முகம் வாடியிருந்தது. ஊரார்க்கு அவள் சிஸ்டர். நமக்கோ இன்னும் தோளில் சுமந்து தேருக்குக் கூட்டிப்போன குழந்தைதான். அருகமர்த்தி என்னவென்று கேட்டோம்.

“சித்தப்பா, வகுப்பிலே ஒரு பயிற்சி வைத்தார்கள். நோயாளியிடம், இந்த மருந்தை இரண்டு மணிக்கு ஒரு தரம் சாப்பிடுங்கள் என்று நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். ஆசிரியர் நோயாளியாக இருந்து, காதில் விழுந்ததைக் கரும்பலகையில் எழுதினார். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் நோயாளி பிழைக்கவில்லை, சிஸ்டர் என்றார்.”

வகுப்பில் எல்லாரும் சிரித்தனராம். அவளால் சிரிக்க இயலவில்லை. எனக்குப் பதில் வேறொருவரை அனுப்புங்கள் என்று தலைமைச் சகோதரிக்கு எழுதிவிடலாமா என்னும் எண்ணத்தோடுதான் வந்திருந்தாள்.

நாம் இளமையில் சில ஆண்டுகள் புதுச்சேரியில் பணியாற்றியபோது கற்ற பிரெஞ்சு, அரைகுறையேயாயினும் முற்றும் மறந்துபோகவில்லை. “கடிதத்தைப் பிறகு எழுதலாம், அம்மிணி. நாளைக் காலையில் புறப்படு. பிரெஞ்சுப் பெயர்கள் நம் கொங்கு நாட்டிலேயே மூலைக்கு மூலை கிடக்கின்றன. இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்” என்றோம்.

பேராலய வாயிலில்

முதலில் சென்றது கோவை பெரிய கடைவீதியிலுள்ள புனித மிக்கேல் அதிதூதர் பேராலயம். காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். நிழலில் அமர்ந்து ஒரு தாளில் நம் மறைமாவட்டத்தின் பழைய பெயரை எழுதிக் காட்டினோம். பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபையினர் இங்கு உழைத்த காலத்தில், தம் ஏடுகளில் நம் ஊரின் பெயரை ஒரு தனி முறையில் எழுதினர். ‘கோயம்’ என்பதில் வரும் ‘ஐ’ என்னும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளிகள், இறுதியில் ‘தூர்’.

“இரண்டு புள்ளி எதற்கு?” என்றாள்.

அங்கேதான் முதற்பாடம் தொடங்கிற்று. பிரெஞ்சில் ‘ஓ’ என்னும் எழுத்தும் ‘ஐ’ என்னும் எழுத்தும் அடுத்தடுத்து நின்றால், அவை தத்தம் ஒலியை இழந்து ‘வா’ என்று ஒலிக்கும். மைசூர் நாட்டில் நெடுங்காலம் உழைத்து 1823-இல் தாயகம் திரும்பிய துபுவா அடிகளாரின் பெயரைப் பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்போர் ‘டுபாய்ஸ்’ என்பர். அது து-புவா. கடைசி ‘எஸ்’ ஒலிப்பதே இல்லை. கோவை ஆயர்களுள் ஒருவரான அகுஸ்தீன் ராய் ஆண்டகையின் பெயரும் அவர் தாய்மொழியில் ‘ருவா’ என்றே ஒலிக்கும். ‘ஐ’ நிற்குமிடத்தில் ‘ஒய்’ நின்றாலும் விதி அதுவே.

இவ்விதிப்படி நம் ஊரின் பெயரைப் படித்தால் முதல் இரண்டு அசைகளும் ஒன்றாய்க் குழைந்து ‘குவெம்’ என்றாகிவிடும். அது நேராதிருக்கவே இரண்டு புள்ளிகள். ‘இவ்விரு உயிர்களையும் சேர்க்காதே, பிரித்துச் சொல்’ என்பது அவற்றின் பொருள். நம் மொழியில் புள்ளி மெய்யெழுத்தின் தலையிலேறி, இங்கே உயிர் இல்லை என்று அறிவிக்கிறது. அவர்கள் மொழியில் இரட்டைப் புள்ளி உயிரெழுத்தின் தலையிலேறி, இங்கே தனி உயிர் உண்டு என்று அறிவிக்கிறது. அங்ஙனம் பிரித்தால் அவர்களுக்கும் நம் ஊர் நான்கு அசை. கோ-யம்-புத்-தூர் என நமக்கும் நான்கு அசை. கேட்டவன் தான் கேட்டதைச் சிதைக்காமல் எழுத முயன்றதற்கு அவ்விரு புள்ளிகளே சான்று.

பிறகு வேறு பெயர்களை எழுதி அசை பிரித்தோம். விதிகள் பல என்று அஞ்ச வேண்டியதில்லை, மூன்று போதும். இரண்டு உயிர்களுக்கிடையே ஒரு மெய் நின்றால், அது பின்வரும் உயிரைச் சேரும். இரண்டு மெய்கள் நின்றால் ஆளுக்கொன்றாய்ப் பிரியும். அவ்விரண்டில் பின்னது ‘எல்’ அல்லது ‘ஆர்’ ஆயின், பெரும்பாலும் இரண்டும் பிரியாமல் பின்னுயிரைச் சேரும். 1874 முதல் 1903 வரை இங்கு ஆயராயிருந்த பர்தூ ஆண்டகையின் பெயர் பர்-தூ. மாத்திரைக்கு அவர்கள் வழங்கும் சொல் கோம்-ப்ரி-மே. ‘ப்ரி’ என்பதில் இரு மெய்களும் ஒட்டியே நிற்கின்றன. மருந்துக்குரிய சொல் மே-தி-க-மான்; இறுதி ‘டி’ ஊமை.

“யாப்பிலக்கணத்தில் படித்த நேரசை, நிரையசைதானே, சித்தப்பா?” என்று கேட்டாள். முழுதும் அதுவன்று. நாம் ‘கரு’ என்னும் இரு குறில்களைச் சேர்த்து ஒரே நிரையசையாகக் கொள்வோம். பிரெஞ்சில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை; க-ரு என்று அது இரண்டாகும். இதை மட்டும் நினைவிற்கொண்டால் குழப்பமில்லை.

டெப்போவில் ஒரு பாடம்

உக்கடம் வழியே வந்தபோது நகரப் பேருந்துகள் நிற்கும் டெப்போவைக் காட்டினோம். “இச்சொல்லின் இறுதியில் ஆங்கிலத்தில் என்ன எழுத்து?” “டி.” “நம் ஊர் நடத்துநர் யாரேனும் டெப்போட் என்று சொல்லக் கேட்டதுண்டா?” அவள் சிரித்துவிட்டாள். பிரெஞ்சில் பிறந்து ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த சொல் அது. தே-போ என்று இரண்டே அசை. இறுதி மெய் ஒலியாது என்னும் பிரெஞ்சு விதியை நம் ஊர்ப் பயணிகள் நாள்தோறும் அறியாமலே கடைப்பிடிக்கின்றனர். மணவிழாவில் கையில் கொடுக்கும் பொக்கேயும் அத்தகையதே. அதன் இறுதியிலும் ஓர் ஊமை ‘டி’ உண்டு.

இறுதியில் நிற்கும் ‘சி’, ‘எஃப்’, ‘எல்’, ‘ஆர்’ ஆகிய நான்கும் பல சொற்களில் ஒலிக்கும். ஏனையவை பெரும்பாலும் ஒலியா. ஆயினும் ஆட்பெயர்கள் விதிக்கு எளிதில் அடங்குவதில்லை. புதுவை ஆளுநரை நம் பள்ளிப் பாடநூல்கள் ‘டூப்ளே’ என்றன. விதிப்படி அதுவே சரியென்று தோன்றும். பாரிஸ் நகரில் அவர் பெயரால் ஒரு மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது. அதைப் பிரெஞ்சுக்காரர் இறுதி ‘எக்ஸ்’ ஒலிக்க ‘துப்ளெக்ஸ்’ என்றே சொல்கின்றனர். எனவே ஒருவர் பெயரை அவர் வீட்டாரிடம் கேட்டறிவதே நல்லது.

கருமத்தம்பட்டிப் பெரியவர்

அவிநாசி சாலையில் நீலம்பூரும் கணியூரும் கடந்து கருமத்தம்பட்டியில் இறங்கினோம். விசைத்தறிகளின் ஓசை காற்றில் வந்துகொண்டிருந்தது. செபமாலை அன்னையின் ஆலயம் நம் மறைமாவட்டத்தின் பழம்பெருமை வாய்ந்த தலங்களுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையார் தொடங்கிய மறைப்பணியின் வேர் இங்கே இருக்கிறது.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இவ்வூரில்தான் மெல்கியோர் தெ மரியோன் பிரெஸியாக் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிரான்சின் காஸ்தெல்நொதாரி என்னும் ஊரில் 1813-இல் பிறந்தவர். 1842-இல் நம் நாட்டுக்கு வந்தவர். கோவை மறைத்தளத்தின் முதல் ஆயராயிருந்து, பின்னர்ப் பதவியை விட்டுத் தாயகம் திரும்பி, 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அவர் கேட்டது தகோமே நாடு. கிடைத்தது சியரா லியோன். 1859 மே மாதம் ஃப்ரீடவுனில் இறங்கியவர், அங்குப் பரவியிருந்த கொள்ளைக் காய்ச்சலில் ஜூன் 25-ஆம் நாள் உயிர்நீத்தார். அங்கு ஏறத்தாழ ஆறு வாரங்களே வாழ்ந்தார். அவர் கேட்டுக் கிடைக்காத தகோமேக்கு அவருடைய சபையார் 1861-இல் சென்று சேர்ந்தனர். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தது.

“தகோமே எங்கே இருக்கிறது, சித்தப்பா?” என்றாள். “1975-இல் அந்நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது அதன் பெயர் பெனின்” என்றோம். அவள் நெடுநேரம் பேசவில்லை.

ஆலய முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். “வாங்க சிஸ்டர், எந்த ஊருங்க?” என்று விசாரித்தார். பேச்சுவாக்கில், “இங்கதானுங்க பிரெசில்லாக் ஆண்டவர் இருந்தாருங்க” என்றார். நமக்குள் இருந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை. கதில்லாக் என்று நாம் படிக்கும் பிரெஞ்சு ஊர்ப்பெயர் அவர்கள் வாயில் க-தி-யாக்; ஓரில்லாக் என்பது ஓ-ரி-யாக். அதுபோல ‘ஐ’யை அடுத்து இரட்டை ‘எல்’ வந்தால் பெரும்பாலும் யகரமாகும். இரு உயிர்களுக்கிடையே வரும் ஒற்றை ‘எஸ்’ தேனீயின் ரீங்காரம்போல் அதிரும். எனவே அப்பெயரைப் பிரெ-ஸி-யாக் என்பதே முறை என்று விளக்கி முடித்தோம்.

பெரியவர் பொறுமையோடு கேட்டார். பிறகு, “சரிங்க. அவரு நம்ம கருமத்தம்பட்டியச் சரியாச் சொல்லியிருப்பாருங்களா?” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. நம் மகள்தான் சொன்னாள்: “முதல் நாளிலே சொல்லியிருக்க மாட்டார், தாத்தா.”

அவ்விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் காதால் பிரித்தறிவதற்கு அவ்வயலார் எத்தனை நாள் இடர்ப்பட்டிருப்பர்! படி என்பதற்கும் பட்டி என்பதற்கும் வேறுபாடு காண அவர்கள் நா எவ்வளவு தடுமாறியிருக்கும்! பிரெஞ்சில் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதினாலும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பர். ஆயினும் புதுவையிலிருந்த மூசே, துப்புயி என்னும் இரு குருக்கள் தமிழ்ச் சொற்களுக்குப் பிரெஞ்சில் பொருள் கூறும் பேரகராதியை 1855-லும் 1862-லும் இரு பாகங்களாக வெளியிட்டனர். தடுமாறிய நாவுகளின் நடுவிலிருந்துதான் அந்நூல் பிறந்தது.

“அந்த இரட்டை மெய்யில் ஓரிடத்தில் மட்டும் கவனமாயிரு, அம்மிணி” என்று எச்சரித்தோம். நடுவே இரட்டை ‘எஸ்’ எழுதினால் ‘புவா-சோன்’, அது மீன். ஒற்றை ‘எஸ்’ எழுதி அதிர்த்துச் சொன்னால் ‘புவா-ஸோன்’, அது நஞ்சு. நோயாளி நேற்றிரவு என்ன உண்டான் என்று கேட்கும் செவிலிக்கு இது சிறிய வேறுபாடன்று.

ஊமை எழுத்தும் குற்றியலுகரமும்

திரும்பும் வழியில் ஒரு கெபியைக் கண்டு, “லூர்து என்பது எத்தனை அசை?” என்றோம். இரண்டு என்றாள். பிரெஞ்சுக்காரர்க்கு அது ஒன்றே. தகர மெய்யோடு நின்றுவிடும். அதன்பின் எழுதப்படும் ‘ஈ’யும் ‘எஸ்’ஸும் ஊமை. தமிழ் நாவோ தகர மெய்யில் சொல்லை முடிக்காது. ஆதலால் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டோம். அதுவும் முழு உகரமன்று. அரை மாத்திரையளவே ஒலிக்கும் குற்றியலுகரம்.

பிரெஞ்சின் இறுதி ‘ஈ’ நம் குற்றியலுகரத்துக்கு உறவுமுறை என்றே சொல்லலாம். அதுவும் தேய்ந்த ஒலி. உயிர் முதலாகிய சொல் பின்னே வந்தால், நம் ‘நாடு’ ‘அது’வோடு சேர்ந்து ‘நாடது’ ஆவதுபோல, அதுவும் மறைந்து இடம்விடும். ஆயினும் அது பயனற்ற எழுத்தன்று. ‘சிறிய’ என்னும் பொருளுடைய சொல் ஆண்பாலில் ‘ப்தி’. இறுதி ‘டி’ பேசாது. பெண்பாலில் அதன்பின் ஓர் ‘ஈ’ வந்து நிற்க, ‘ப்தித்’ என்று அந்த மெய் வாய்திறந்துவிடும். பெர்-ன-தெத் என்னும் புனிதையின் பெயரில் இறுதித் தகரம் கேட்பதும் அதனால்தான். தான் பேசாமல் தன் அருகிலிருப்பதைப் பேசவைக்கும் எழுத்து!

சொல்லும் சொல்லும் சேரும்போதும் அங்கே நமக்குப் பழகிய காட்சியே. ‘கண்’ணோடு ‘அழகு’ சேர்ந்தால் ‘கண்ணழகு’ என்கிறோம். தனித்து நின்ற மெய் அடுத்த உயிரைப் பற்றிக்கொள்கிறது. குழந்தைகள் என்பதற்குரிய பிரெஞ்சுத் தொடர் ‘லே’, ‘ஆன்ஃபான்’ என்னும் இரு சொற்களாலானது. சேர்ந்து வரும்போது ‘லே-ஸான்-ஃபான்’ ஆகிறது. முதற்சொல்லின் இறுதியில் உறங்கிய ‘எஸ்’ உயிரைக் கண்டதும் விழித்துக்கொள்கிறது. புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இது புதுமையாகுமா?

மலைமேல்

மறுநாள் மேட்டுப்பாளையம் வழியே மலையேறினோம். சிறுமுகைச் சாலை பிரியும் இடத்தில், அவ்வூர்ப் பட்டுத்தறிகளின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை உருவாக்கிய ழக்கார் லியோன் நகரத்தவர். நம் நெசவாளர் ஒலிக்கும் இறுதி ‘டு’ அவர் ஊரில் ஒலியாது. பிரெஞ்சு ‘ஜே’யின் ஒலியைக் குறிக்க நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் ழகரத்தை எழுதுகின்றனர்; முற்றும் பொருந்தாதாயினும் வேறு எழுத்து நமக்கு இல்லை.

குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தை நாய்க்கடி ஊசியோடு சேர்த்தே கொங்கு நாட்டார் நினைவிற்கொள்வர். அப்பெயரைத் தாங்கிய அறிஞர் ‘பஸ்-தெர்’ என்று அழைக்கப்பட்டார். அங்கேதான் நம் மகளின் இடர்ப்பாட்டின் மூலம் வெளிப்பட்டது. அப்பெயரின் இரண்டாம் அசையில் ‘ஈ’யும் ‘யூ’வும் சேர்ந்து நிற்கின்றன. அவ்வொலிக்கு நம்மிடம் எழுத்தும் இல்லை, பழக்கமும் இல்லை. இரண்டு என்னும் பிரெஞ்சுச் சொல்லிலும் அவ்விரு எழுத்துகளே இருக்கின்றன. பன்னிரண்டு என்பதிலோ ‘ஓ’வும் ‘யூ’வும் சேர்ந்து ‘ஊ’ என்று ஒலிக்கின்றன. மற்ற ஒலிகளில், ‘மணி’ என்னும் சொல்லோடு புணர்ந்தபின், இரண்டு தொடர்களுக்கும் வேறுபாடே இல்லை. இரண்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே இருப்பது ஓர் உயிரொலி. அவள் அறியாமல் ‘ஊ’ என்றிருக்கிறாள்.

“நாவை ‘ஏ’ சொல்லும் இடத்தில் வை. அதை அசைக்காமல், உதடுகளை மட்டும் ‘ஓ’வுக்குக் குவி” என்றோம். பூங்காவின் அருகில் நின்று அவள் சொல்லிப் பார்த்தாள். வழிப்போக்கர் திரும்பிப் பார்த்தனர். இருபது முறைக்குமேல் சொன்னபின் ஒருமுறை சரியாக வந்தது. அடுத்த முறை மீண்டும் தவறிற்று.

உதகையில் நாசரேத் கன்னியர் மடத்தின் பக்கம் சென்றோம். நாந்த் நகரில் 1839-இல் பிறந்த எலேன் தெ ஷப்போத்தான் 1865-இல் மதுரை மறைத்தளத்துக்கு வந்து, 1876-இல் சகோதரிகள் சிலரோடு இம்மலைக்கு வந்து சேர்ந்தார். அன்று உதகை கோவை ஆயரின் ஆளுகையில் இருந்தது. 1877 ஜனவரி 6-ஆம் நாள் ஒன்பதாம் பத்திநாதர் அளித்த இசைவால், பின்னாளில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் என உலகெங்கும் அறியப்பட்ட சபை பிறந்தது. 2002-இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

அவர் பெயரை எழுத்தில் ஷப்-போ-தான் என்று பிரிப்பர்; ஒலியில் ஷ-போ-தான். இறுதி னகரம் முழு மெய்யன்று; மூக்கின் வழியே வரும் உயிர். “அது எனக்கு வருவதேயில்லை” என்றாள். “வீட்டில் உன் பாட்டி ‘மரம்’ என்று சொல்லும்போது உதடுகள் கூடுகின்றனவா, பார்” என்றோம். நினைத்துப் பார்த்து வியந்தாள். ஏட்டில் மகர மெய் எழுதுகிறோம்; பேச்சிலோ உதடு மூடாமல் மூக்கால் முடிக்கிறோம். மூக்குயிர் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அவள் செல்லவிருக்கும் நாட்டின் பெயரும் பிரெஞ்சில் அவ்வாறே முடிகிறது: பே-நான் என்பதுபோல், மெய் முழுதும் ஒலியாமல்.

இறங்கும் பேருந்தில் அவள் உறங்கவில்லை. சன்னலோரமாய் அமர்ந்து ‘இரண்டு’, ‘பன்னிரண்டு’ என்று மாறிமாறி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போது, “அந்தக் கடிதத்தை எழுதப்போவதில்லை, சித்தப்பா” என்றாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவாக

அவள் சென்று எட்டுத் திங்கள் ஆகின்றன. சென்ற வாரம் கைபேசியில் தன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். அங்கு வரும் முதியோர் பலர்க்குப் பிரெஞ்சும் தெரியாதாம். ஃபோன் என்னும் மொழி பேசுகின்றனராம். ஆதலால் இப்போது அதையும் கற்கத் தொடங்கியிருக்கிறாள்.

“இரண்டு மணிச் சொல் இப்போது நன்றாக வருகிறது, சித்தப்பா. ஆனாலும் என் நாவை மட்டும் நம்பி யாரையும் அனுப்புவதில்லை. மருந்து உறையின்மேல் சூரியனும் நிலாவும் கோடுகளும் வரைந்து கொடுக்கிறேன். பிறகு, நான் என்ன சொன்னேன் என்று அவர்களையே திரும்பச் சொல்லச் சொல்கிறேன். தவறாகச் சொன்னால் இருவரும் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறோம்.”

அப்பதிவைக் குடும்பத்தாரோடு இருமுறை கேட்டோம். முடிவில் தன் பெயரையும் பணிபுரியும் ஊரையும் சொல்லி, பிறந்த ஊரையும் சொன்னாள். உடனிருக்கும் சகோதரிகள் கேட்டுப் பழகட்டும் என்றோ என்னவோ, ஒவ்வோர் அசையாய் நிறுத்தி, புள்ளி வைத்ததுபோல் சொன்னாள்: கோ-யம்-புத்-தூர்.